வேர் எண் = எண்: பெயர் மோதலில் போஸ்ட்கிரெஸ் எவ்வளவு தேறும்?

ஆர்டர்கள் என்று ஒரு டேபிள். அதில் எண் என்று ஒரு நெடுவரிசை. ஒரே ஒரு ஆர்டரை நீக்குவதற்கு ஒரு ஃபங்ஷன். அதன் பாராமீட்டர் பெயரும் எண். உள்ளே இருப்பது ஒரே கட்டளைதான்:

டெலிட் ஃப்ரம் ஆர்டர்கள் வேர் எண் = எண்;

(வேர் என்பது ஆங்கில where: அதன்பின் வரும் நிபந்தனைக்குப் பொருந்தும் பதிவுகளை மட்டும் நீக்கு என்று பொருள்.) எழுதியவர் கணக்கில் இடப்பக்க எண் டேபிளுடையது, வலப்பக்க எண் பாராமீட்டர். அந்தக் கணக்கு டேட்டாபேஸுக்குத் தெரியாது. அது தன் விதிப்படிதான் பொருள் கொள்ளும். அந்த விதி ஒவ்வொரு டேட்டாபேஸிலும் வேறு. ஒரு டேட்டாபேஸின் நிரல்மொழியை எடைபோட இந்த ஒரு வரியை விட நல்ல சோதனை குறைவு. இந்த மதிப்பீடு போஸ்ட்கிரெஸ்க்யூஎல் (சுருக்கமாக போஸ்ட்கிரெஸ்) டேட்டாபேஸுக்குள் ஃபங்ஷன்கள் எழுதும் மொழியான பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல் பற்றியது. மற்றவை ஒப்பீட்டுக்கு மட்டும்.

(நெடுவரிசை என்ற சொல் கொஞ்சம் நீளம்தான். பேச்சு வழக்கில் காலம் என்போம். ஆனால் எழுத்தில் அது நேரமா, டேபிளின் பகுதியா என்று பெயர் மோதல் தமிழிலேயே தொடங்கிவிடும்.)

ஆரக்கிளில் எஸ்க்யூஎல் கட்டளைக்குள் நெடுவரிசைக்கே முதல் உரிமை. ஆகவே இரண்டு எண்ணும் நெடுவரிசையாகிவிடும். ஒவ்வொரு பதிவும் தனக்குத் தானே சமம் என்பதால் டேபிள் முழுவதும் காலி; எண் வெற்றாக (NULL) உள்ள பதிவுகள் இருந்தால் அவை மட்டும் மிஞ்சும். இந்த ஆபத்தை ஆரக்கிளின் கையேடே உதாரணத்தோடு எச்சரிக்கிறது, ஆனாலும் கம்பைலர் அதைத் தடுப்பதில்லை. மைஎஸ்க்யூஎல்லில் நேர் எதிர்: மாறிக்கே (இங்கே பாராமீட்டருக்கே) முதல் உரிமை. பாராமீட்டராக 101 வந்தால் நிபந்தனை 101 = 101 என்றாகிவிடும், அது எப்போதும் உண்மை, மறுபடியும் டேபிள் காலி. பாராமீட்டர் வெற்றாக வந்தால் மட்டும் எதுவும் நீங்காது. விதிகள் எதிரெதிர், இழப்பு ஒன்றே.

போஸ்ட்கிரெஸ் இந்த வரியை ஓட்ட மறுத்துவிடும். எண் என்ற சுட்டு இரு பொருள் தருகிறது, அது மாறியாகவும் இருக்கலாம், டேபிளின் நெடுவரிசையாகவும் இருக்கலாம் என்று 42702 என்ற பிழைக் குறியோடு நிற்கும். ஒரு பதிவும் போகாது. இந்த மொழியைத் தேர்ந்தெடுக்கலாமா என்று கேட்பவருக்குச் சொல்லவேண்டிய முதல் காரணம் இது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2010இல் வந்த 9.0 பதிப்புக்கு முன்பு மாறியே வென்றது, அதுவும் முரட்டுத்தனமாக. ஒரு மாறியின் பெயர் ஃபூ என்றால், இன்சர்ட் கட்டளையில் டேபிள் பெயர் வரவேண்டிய இடத்தில் ஃபூ இருந்தாலும் அங்கேயும் மாறியைப் புகுத்தப் பார்க்கும். புரியாத இலக்கணப் பிழை வரும். 9.0இலிருந்து மொழி இடம் பார்த்துப் பொருள் கொள்கிறது. இன்சர்ட்டில் இன்ட்டூவுக்குப் பின் டேபிள் பெயர்தான் வரமுடியும், அதை அடுத்த அடைப்புக்குறிக்குள் நெடுவரிசைப் பெயர்கள்தான் வரமுடியும். அங்கெல்லாம் மோதலே கிடையாது. அப்டேட்டில் செட்டுக்குப் பின் சமக்குறிக்கு இடப்பக்கமும் அப்படியே. மதிப்பு வரக்கூடிய இடத்தில் மட்டும்தான் கேள்வி எழும். 8.4 காலத்து ஃபங்ஷன்களை அப்படியே கொண்டுவந்தவர்களுக்கு அந்த மாற்றம் எரிச்சலாக இருந்திருக்கும். ஆனால் பின்னோக்கிய இணக்கத்தை விட்டுக்கொடுத்து பாதுகாப்பான இயல்பைத் தேர்ந்தது சரியான முடிவு.

மோதலை எப்படித் தீர்ப்பது என்பதிலும் இந்த மூன்றும் வேறுபடுகின்றன. ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் தவறுவது இங்கேதான். மைஎஸ்க்யூஎல்லில் நெடுவரிசைக்கு முன் டேபிள் பெயரைப் போட்டால் போதும்: ஆர்டர்கள்.எண் = எண். இதே வரியை ஆரக்கிளுக்குக் கொண்டுபோனால் பயனில்லை. வலப்பக்க எண் இன்னமும் நெடுவரிசைதான். அங்கே மாறிக்கு முன்னால்தான் புரசீஜர் பெயரையோ பிளாக் லேபிளையோ போடவேண்டும். போஸ்ட்கிரெஸின் இயல்பு நிலையில் இரண்டு பக்கமும் முன்னொட்டுப் போட்டால்தான் அது அமைதியாகும்: ஆர்டர்கள்.எண் = ஆர்டர்_நீக்கு.எண். ஒரு பக்கம் மட்டும் தெளிவாக்கினால் மற்ற எண் இன்னும் ஐயத்தில் இருக்கிறது என்று அதே பிழையைத் திரும்பத் தரும். ஃபங்ஷன் பெயரே பாராமீட்டர்களுக்கு லேபிளாக வேலை செய்வது நல்ல வசதி. ஃபங்ஷனாகச் சேமிக்காமல் ஒருமுறை ஓட்டும் டூ பிளாக்கில் ஃபங்ஷன் பெயர் இல்லாததால் டிக்ளேருக்கு முன் இரட்டைக் கோணக்குறிக்குள் லேபிள் ஒன்றை நீங்களே வைக்கவேண்டும்.

கவனிக்க: டேபிளின் மாற்றுப்பெயரும் ரெக்கார்டு மாறியின் பெயரும் ஒன்றானால் முன்னொட்டும் காப்பாற்றாது. ஃபார் லூப்பில் ஆர் என்று ஒரு ரெக்கார்டு, உள்ளே உள்ள கட்டளையில் ஆர்டர்களுக்கும் ஆர் என்று மாற்றுப்பெயர், இப்போது ஆர்.எண் எதைக் குறிக்கிறது? மறுபடி 42702. ரெக்கார்டு மாறிகளுக்கு ரெக்_ஆர்டர் மாதிரி நீளமான பெயர், டேபிளுக்கு ஓரிரு எழுத்து மாற்றுப்பெயர் என்று பிரித்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.

இனி குறைகள்.

முதல் குறை, பிழை தாமதமாக வருவது. கிரியேட் ஃபங்ஷன் ஓடும்போது பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல் மேலோட்டமான இலக்கணத்தை மட்டுமே பார்க்கிறது. உள்ளிருக்கும் எஸ்க்யூஎல் கட்டளைகள் எந்த டேபிளைத் தொடுகின்றன, அங்கே என்ன நெடுவரிசைகள் என்று பார்ப்பது அந்தக் கட்டளை முதல் முறை ஓடும்போதுதான். எல்ஸ் கிளைக்குள், எக்ஸெப்ஷன் பகுதிக்குள் இருக்கும் மோதல், அந்தக் கிளைக்கு என்றைக்குக் கட்டுப்பாடு போகிறதோ அன்றைக்குத்தான் வெளியே வரும். பெரும்பாலும் அது மாதக் கடைசி இரவு.

இதன் இன்னொரு முகம்: இன்று மோதாத பெயர் நாளை மோதும். ஃபங்ஷனில் நிலை என்று ஒரு மாறி ஆறு மாதமாக ஓடிக்கொண்டிருக்கும். யாரோ ஆல்டர் டேபிள் போட்டு டேபிளில் நிலை என்ற நெடுவரிசையைச் சேர்ப்பார்கள். கட்டளையை ஓட்டுவதற்காகச் சேமித்துவைத்த திட்டம் செல்லாததாகி, கட்டளை மறுபடி அலசப்படும்போது ஃபங்ஷன் விழும். ஃபங்ஷனில் ஒரு எழுத்தும் மாறவில்லை என்பதால் காரணம் தேடுபவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். இருந்தாலும் இதே சூழலில் ஆரக்கிள் என்ன செய்யும் என்று நினைத்துப் பார்த்தால் போஸ்ட்கிரெஸை மன்னிக்கலாம்: புதிய நெடுவரிசை பழைய மாறியின் இடத்தைச் சத்தமில்லாமல் பிடித்துக்கொள்ளும், ஃபங்ஷன் வேறு விடையைத் தந்துகொண்டே ஓடும்.

இரண்டாவது, ரிட்டர்ன்ஸ் டேபிள். ரிட்டர்ன்ஸ் டேபிள் என்று அறிவிக்கும் வெளியீட்டு நெடுவரிசைகள் ஒவ்வொன்றும் ஃபங்ஷனுக்குள் மாறியாகிவிடுகின்றன. எண், பெயர், தொகை என்று வெளியீட்டை அறிவித்துவிட்டு உள்ளே செலக்ட் எண், பெயர், தொகை என்று எழுதினால் முதல் சொல்லிலேயே விழும். இந்த மொழியில் புதிதாக எழுதுபவர் முதல் வாரத்தில் மாட்டும் பொறி இது. எல்லா நெடுவரிசைக்கும் டேபிள் மாற்றுப்பெயர் முன்னொட்டு என்ற பழக்கம் இதை முழுவதும் தீர்த்துவிடும். ஆர்டர் பை, குரூப் பை பகுதிகளில் மறக்காமல் போடவேண்டும், அங்கேதான் கை சோம்பும்.

ஆனால் அந்தப் பழக்கமும் ஓரிடத்தில் உதவாது. இன்சர்ட்டோடு வரும், அதே எண்ணில் பதிவு ஏற்கெனவே இருந்தால் என்ன செய்வது என்று சொல்லும் ஆன் கான்ஃப்ளிக்ட் பகுதியில் அடைப்புக்குறிக்குள் எண் என்று எழுதவேண்டும். அங்கே கோவைகளும் வரலாம் என்பதால் மாறியாகவும் இருக்கலாமே என்று போஸ்ட்கிரெஸ் ஐயப்படுகிறது. சரி, டேபிள் பெயரைப் போட்டுத் தெளிவாக்கலாம் என்றால் அந்த இடத்தில் முன்னொட்டுக்கு இலக்கணம் இடம்தருவதில்லை. இது வடிவமைப்பில் உள்ள ஓட்டை என்றே சொல்லவேண்டும். தப்பிக்க இரண்டு வழி: ஆன் கான்ஃப்ளிக்ட் ஆன் கன்ஸ்ட்ரெய்ன்ட் என்று எழுதி ஆர்டர்கள்_பிகே மாதிரி அந்தக் கட்டுப்பாட்டின் பெயரைச் சொல்வது; அல்லது கீழே வரும் கட்டளைக்குறிப்பைப் போடுவது. கட்டுப்பாட்டுப் பெயரைச் சொன்னால் அதன் பெயரை மாற்றும் நாளில் ஃபங்ஷனும் உடையும் என்பதை நினைவில் வைக்கவும்.

அந்தக் கட்டளைக்குறிப்பு #வேரியபிள்_கான்ஃப்ளிக்ட். ஃபங்ஷன் உடலின் முதல் வரியாக, டிக்ளேருக்கும் முன்னால் வரும். மூன்று மதிப்புகள்: எரர் என்பது இயல்பு, யூஸ்_வேரியபிள் பழைய 8.4 நடத்தை, யூஸ்_காலம் ஆரக்கிள் நடத்தை. இதே பெயரில் சர்வர் முழுவதற்கும் ஓர் அமைப்பும் உண்டு, சூப்பர்யூசர்தான் மாற்றமுடியும். சர்வர் அமைப்பைத் தொடாதீர்கள். டேட்டாபேஸை நகலெடுக்கும் டம்ப்பில் அது ஃபங்ஷனோடு சேர்ந்து போகாது. இன்னொரு சர்வரில் அதே ஃபங்ஷன் வேறு பொருளோடு ஓடும். ஏற்கெனவே அந்த செஷனில் தொகுக்கப்பட்டவை பழைய விதியிலேயே தொடரும் என்பதால் மாற்றியபின் சோதித்த முடிவையும் நம்பமுடியாது. ஃபங்ஷனுக்குள் எழுதிய குறிப்பு ஃபங்ஷனோடே பயணப்படும்.

யூஸ்_வேரியபிளுக்குப் புதிய நிரலில் இடமே இல்லை. யூஸ்_காலம் சில இடங்களில் ஒத்துக்கொள்ளலாம், ஆன் கான்ஃப்ளிக்ட் அதில் ஒன்று. ஆனால் அதைப் போட்ட ஃபங்ஷனில் ஒவ்வொரு மாறிக்கும் முன்னொட்டு வேண்டும்; இல்லையேல் முதலில் பார்த்த எண் = எண் ஆரக்கிள் பாணியில் டேபிளைத் துடைத்துவிடும்.

பெயரிடும் மரபுக்கு வருவோம். பாராமீட்டருக்கு பி_, உள் மாறிக்கு வி_ அல்லது எல்_ என்று முன்னொட்டுப் போடுவது ஆரக்கிள் உலகிலிருந்து வந்த வழக்கம். போஸ்ட்கிரெஸ் பக்கம் வெறும் அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்களும் பரவலாக உண்டு. எதுவானாலும் நிபந்தனை ஒன்றுதான்: டேபிள்களில் எந்த நெடுவரிசையும் அந்த முன்னொட்டில் தொடங்கக்கூடாது. ஆல்டர் டேபிள் பிரச்சினையை முன்கூட்டியே தடுக்கும் எளிய வழி இது. இதற்காகவே முன்னொட்டு மரபுக்கு வாக்கு. மாறியின் வகையைப் பெயரில் திணிக்கும் பழக்கத்தை, அதாவது எண்ணுக்கு ஒரு முன்னொட்டு, சரத்துக்கு ஒரு முன்னொட்டு என்பதை, விட்டுவிடலாம். நெடுவரிசை வகை மாறும் நாளில் பெயர் பொய்யாகும். வகைக்கு ஆர்டர்கள்.எண்%டைப் என்று, அதாவது அந்த நெடுவரிசையின் வகையே என்று, அறிவித்தால் போதும்.

இந்த மரபை முதல் நாளிலேயே பிடிக்கவேண்டும். பின்னால் மாற்றுவது கடினம் என்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. கிரியேட் ஆர் ரீப்ளேஸ் மூலம் ஃபங்ஷனின் உடலை மாற்றலாம், ஆனால் உள்ளீட்டுப் பாராமீட்டரின் பெயரை மாற்ற விடாது. முதலில் டிராப் செய் என்று சொல்லும். டிராப் செய்தால் கொடுத்திருந்த உரிமைகள் போகும். அந்த ஃபங்ஷனைப் பயன்படுத்தும் வியூ இருந்தால் டிராப்பே நடக்காது. பெயர் சொல்லி அழைக்கும் பழக்கம் இருந்தால், அதாவது எண் => 101 என்று, அழைக்கும் நிரல்களும் உடையும். டேட்டாபேஸை வெப் ஏபிஐயாக்கும் போஸ்ட்ரெஸ்ட் என்ற கருவி வழியாக ஃபங்ஷன்களை வெளியே திறந்துவிட்டிருந்தால் பாராமீட்டர் பெயர்களே ஜேசன் சாவிகள். பி_எண் என்ற உள்வீட்டுப் பெயர் மொபைல் ஆப் எழுதுபவர் வரை போகும். அப்படிப்பட்ட வெளிமுகமான ஃபங்ஷன்களில் பாராமீட்டரைச் சுத்தமான பெயரில் விட்டு, உள்ளே ஃபங்ஷன் பெயரை முன்னொட்டாக்குவது மேல்.

இங்கே பலர் நம்பி ஏமாறும் வழி ஒன்று உண்டு. டிக்ளேர் பகுதியில் பி_எண் அலியாஸ் ஃபார் எண் என்று எழுதினால் மோதல் தீர்ந்தது என்று நினைப்பார்கள். அலியாஸ் புதுப்பெயர் தருமே தவிர பழைய பெயரை மறைக்காது. எண் இன்னமும் மாறியாகவே உயிரோடு இருக்கும், 42702 தொடரும். மதிப்பை வேறு மாறியில் நகலெடுத்தாலும் இதே கதை.

பெரிய கறுப்புப் புள்ளிக்கு இனி வருவோம். இதுவரை சொன்ன பாதுகாப்பெல்லாம் பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல்லுக்கு. அதே போஸ்ட்கிரெஸில் லேங்குவேஜ் எஸ்க்யூஎல் என்று எழுதும் ஃபங்ஷன்களில் விதி வேறு: நெடுவரிசையே வெல்லும், எச்சரிக்கை கிடையாது. 9.2இலிருந்துதான் அங்கே பாராமீட்டரைப் பெயரால் அழைக்கும் வசதி வந்தது. அதற்குமுன் $1, $2 மட்டுமே என்பதால் பழைய நிரல்களை உடைக்காமலிருக்க நெடுவரிசைக்கு முதலிடம் கொடுத்தார்கள். காரணம் புரிகிறது, ஆனால் விளைவு மோசம். முதலில் பார்த்த எண் = எண் வரியை லேங்குவேஜ் எஸ்க்யூஎல்லில் எழுதுங்கள்; ஆரக்கிளைப் போலவே டேபிள் காலி.

சிறிய ஃபங்ஷன்களை வேகத்துக்காக எஸ்க்யூஎல் மொழிக்கு மாற்றச் சொல்வது வழக்கமான அறிவுரை. வினவலுக்குள் கரைந்துபோகும் வாய்ப்பு அங்கே உண்டு. நல்ல அறிவுரைதான். ஆனால் ஆர்டர்களுக்கு ஆ என்று மாற்றுப்பெயர் வைத்து, யூஸ்_வேரியபிள் குறிப்போடு ஆ.எண் = எண் என்று எழுதி நன்றாக ஓடிய வரி, மொழியை மாற்றியதும் ஆ.எண் = ஆ.எண் ஆகிவிடும். மாற்றும்போது ஒவ்வொரு பாராமீட்டருக்கும் ஃபங்ஷன் பெயரை முன்னொட்டாக்கவும், அல்லது $1 எழுதவும். 14ஆம் பதிப்பிலிருந்து பிகின் அடாமிக் என்ற வடிவில் எழுதலாம். அதில் உடல் அலசப்பட்டே சேமிக்கப்படுவதால், பிற்பாடு சேரும் நெடுவரிசை பழைய பாராமீட்டரின் இடத்தைப் பிடிக்கமுடியாது. எழுதும் நாளிலேயே இருக்கும் மோதலை அது கண்டுசொல்லாது.

ஒரே பொருளுக்குள் இரண்டு மொழி, இரண்டு எதிரான விதி. மதிப்பெண் குறைவது இதனால்தான்.

தாமதமாக வரும் பிழைக்கு மருந்து பிஎல்பிஜிஎஸ்க்யூஎல்_செக் என்ற நீட்சி. செக் நாட்டைச் சேர்ந்த பாவெல் ஸ்டெஹூலே உருவாக்கிய இலவசக் கருவி. கிரியேட் எக்ஸ்டென்ஷன் போட்டு நிறுவியபின், பிஎல்பிஜிஎஸ்க்யூஎல்_செக்_ஃபங்ஷன் என்பதற்கு உங்கள் ஃபங்ஷனின் பெயரைக் கொடுத்தால், ஃபங்ஷனை ஓட்டாமலே உள்ளிருக்கும் ஒவ்வொரு எஸ்க்யூஎல் கட்டளையையும் உண்மையான டேபிள்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும். எல்ஸ் கிளையில் ஒளிந்த மோதலும் உடனே வரும். ஃபேட்டல்_எரர்ஸ் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் முதல் பிழையோடு நிற்காமல் எல்லாவற்றையும் பட்டியலிடும். டிரிக்கர் ஃபங்ஷனுக்கு இரண்டாவது மதிப்பாக டேபிள் பெயரையும் தரவேண்டும், இல்லாவிட்டால் நியூ, ஓல்டு என்ன வடிவம் என்று அதற்குத் தெரியாது.

இதன் மதிப்புமிக்க பயன் ஒன்று வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. பயன்படாத பாராமீட்டர் என்ற எச்சரிக்கை. யூஸ்_காலம் போட்ட ஃபங்ஷனில் நெடுவரிசை மாறியை விழுங்கிவிட்டால் பிழை வராது, ஆனால் அந்தப் பாராமீட்டரை யாரும் படிக்கவில்லை என்று இந்தக் கருவி சொல்லிவிடும். அந்த ஓர் எச்சரிக்கையைச் சுத்தம் செய்யாமல் விட்ட ஃபங்ஷனை உற்பத்திச் சர்வருக்கு அனுப்பக்கூடாது.

எல்லைகளும் உண்டு. எக்ஸிக்யூட் மூலம் சரமாகக் கட்டி ஓட்டும் கட்டளைகளுக்குள் இது பெரும்பாலும் எட்டிப்பார்க்க முடியாது. ஃபங்ஷனுக்குள்ளேயே உருவாக்கும் தற்காலிக டேபிள் சோதனை நேரத்தில் இருக்காது என்பதால் பொய்ப் பிழை தரும். எஸ்க்யூஎல் மொழி ஃபங்ஷன்களை இது தொடுவதில்லை. ஆக, எங்கே சத்தமே இல்லையோ அங்கே இந்தக் காவலனும் இல்லை.

நீட்சி நிறுவ அனுமதி இல்லாத இடத்தில், உள்ளமைந்த பிஎல்பிஜிஎஸ்க்யூஎல்.எக்ஸ்ட்ரா_வார்னிங்ஸ் என்ற அமைப்பில் ஷேடோடு_வேரியபிள்ஸ் என்று கொடுக்கலாம். பாராமீட்டர் பெயரிலேயே உள்ளே இன்னொரு மாறியை அறிவித்தால் கிரியேட் ஃபங்ஷன் நேரத்திலேயே எச்சரிக்கும். மாறியை மாறி மறைப்பதை மட்டும்தான் அது பார்க்கிறது. நெடுவரிசை மோதலுக்கு அது மருந்தல்ல.

எஸ்க்யூஎல் சர்வர் பயன்படுத்துபவர் இதுவரை படித்துவிட்டுச் சிரித்திருப்பார். அங்கே எல்லா மாறியும் @ குறியோடு தொடங்கவேண்டும். நெடுவரிசையோடு மோத வழியே இல்லை. மொழி வடிவமைப்பில் இந்த ஒரு விஷயத்தில் அதுதான் முதலிடம். அவர்களுக்கு வேறு பொறிகள்: ஸ்டோர்டு புரசீஜர் பெயரை எஸ்பி_ என்று தொடங்கினால் சர்வர் அதை முதலில் மாஸ்டர் டேட்டாபேஸில் தேடப் போகும்.

தமிழிலேயே பெயர் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: போஸ்ட்கிரெஸில் மேற்கோள் குறி இல்லாமலே வைக்கலாம், மேலே உள்ள உதாரணங்களில் வரும் ஆர்டர்கள், எண் போன்ற பெயர்கள் அப்படியே செல்லும்; கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்துத் தகராறும் தமிழில் கிடையாது. ஆனால் பெயரின் நீளம் 63 பைட். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் கணக்கு. ஆக 21 குறிகள்தான். வாடிக்கையாளர் என்ற சொல்லுக்கே 39 பைட் போய்விடும். வாடிக்கையாளர்_முகவரி_மாற்றம் என்று ஒரு டேபிள், வாடிக்கையாளர்_முகவரி_மறுப்பு என்று இன்னொன்று உருவாக்கினால் இரண்டும் வாடிக்கையாளர்_முகவரி_ம என்று வெட்டப்பட்டு ஒரே பெயராகும். வெட்டியதை ஒரு நோட்டீஸாகச் சொல்லும், பிழையாக அல்ல. இரண்டாவதை இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ் போட்டு உருவாக்கியிருந்தால் டேபிள் ஏற்கெனவே இருக்கிறதே என்று தாண்டிப் போய்விடும். மறுப்புகள் எல்லாம் மாற்றம் டேபிளில் போய் விழும். மைஎஸ்க்யூஎல்லில் எல்லை 64 குறிகள், பைட் கணக்கல்ல. இந்த விஷயத்தில் அது தாராளம்.

இன்னும் நுட்பமானது கொகரம். கொ என்பதை யூனிகோடில் ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு ஒரு குறி, கால் ஒரு குறி என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. போஸ்ட்கிரெஸ் பெயர்களை இயல்பாக்கிப் பார்ப்பதில்லை. ஒருவர் விசைப்பலகையில் தட்டிய தொகை, இன்னொருவர் எங்கிருந்தோ ஒட்டிய தொகை என்று இரண்டு நெடுவரிசைகள் ஒரே டேபிளில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். தொகை இல்லை என்று பிழை வரும்போது கண்ணெதிரே தொகை இருக்கும். ஆக்டெட்_லெங்த் ஃபங்ஷனில் இரண்டு பெயரையும் கொடுத்துப் பாருங்கள்: ஒன்று 12 பைட், மற்றது 15.